எல்லாப் பல்லும் ஒரே பக்கம்

சும்மா ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஓடாமல் நிற்கும் மெஷினைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்த பிறகு பிடித்த வியாதி இது. அதற்கு முன்னால் நான் அடக்கமான பிள்ளையாக இருந்ததாக என் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அனுப்பர்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் நான் திறந்து பார்க்காத சாமான் கிடையாது. மிக்ஸி, டேபிள் ஃபேன், தையல் மெஷின், எதிர் வீட்டுப் பெரியவரின் காது மெஷின் (அவர் தூங்கும்போது) எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். மாட்டி முடிக்கும்போது ஒன்றிரண்டு திருகாணி மிச்சமாகும். மிச்சமானால் அது தேவையில்லாத திருகாணி என்பது என் கொள்கை. அந்தப் பெரியவர் அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை. நான் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஒருவனால் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. என் மனைவி ஈஸ்வரிக்குப் பிறந்த வீடு மடத்துக்குளம் பக்கம். மாமனாருக்குத் தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் வீடு. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு இட்டேரி போகும். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தடம், அவ்வளவுதான். ஈஸ்வரிக்கு ஒரே தங்கை, சாந்தாமணி. அவளுக்கு அதற்கு முன்னால் இரண்டு வரன் கைநழுவிப் போயிருந்தது. முதல் வரன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து தள்ளிப்போய், தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது, தேதி குறித்த பிறகு அவர்களாகவே வேண்டாம் என்று சொல்லியனுப்பியது. மாமியார் அதற்கப்புறம் பல்லி சத்தம் போட்டால்கூட எழுந்து போய் எந்தத் திசை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாந்தாமணி வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றாவதாக வந்த வரன் கூடிவந்தது. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் உப்புச்சக்கரை மாற்றுவது என்று முடிவானது. எங்கள் பக்கம் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பெண் உறுதியானது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் என் மனசில் இருந்த அழுக்கையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடமாக அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை நான். நான் போய் இறங்கினால் கோழி அடிப்பார்கள், கட்டிலுக்குப் புதுப் போர்வை வரும். இப்போது இன்னொருத்தர் வருகிறார். அவர் பெயர் கனகராஜ், சாயப்பட்டறை லைனில் சொந்தத் தொழில் என்றார்கள். நானோ மாதச் சம்பளக்காரன். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று கம்பெனியில் அவசர ஆர்டர் இருந்ததால் நான் போகவில்லை. போட்டோவில் பார்த்ததுதான். கோட்டுப் போட்டு, மீசை இல்லாமல், ஸ்டுடியோ திரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். போட்டோவைப் பார்த்ததிலிருந்து, அவர் வருவதற்குள் அந்த வீட்டில் என் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு துடிப்பு.

வழி தானாகவே கிடைத்தது. காய்ப்பு நின்ற தென்னைகளை அறுப்பதற்காக மாமனார் ஒரு மரமறுக்கும் மெஷின் வைத்திருந்தார். பெட்ரோலில் ஓடுவது. நீளமான ஒரு இரும்புப் பலகையைச் சுற்றி சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் ஓடும், செயின் மேல் வரிசையாகப் பல் இருக்கும். அவரிடம் இருந்த இரண்டு செயினும் மொக்கையாகிவிட்டன, உடுமலையில் கடைக்குக் கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் இருக்கும்போது கடை எதற்கு என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை சிரமம்" என்றார்.

சிரமமே இல்லை என்றேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். (கொங்கு நாட்டில் ஒரு மனுசன் மூணு தடவை 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம்'னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். பொறந்ததுல இருந்து இந்த ஊர்லயே இருக்கற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா எனக்குச் சொன்னா மட்டும் அது பாராட்டாத்தான் கேக்கும்.) இரண்டு செயினையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் வந்து சேர்ந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அரமும் கையுமாக உட்கார்ந்தேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அப்போதுதான் அந்த அநியாயத்தைப் பார்த்தேன். ஒரு பல் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த பல் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கடுத்தது மறுபடி இடது. செயின் முழுக்க இப்படியே.

நான் ஏன் கொதித்தேன் என்பது புரிய வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். துணி ஓட்டும் நிட்டிங் மெஷினில் வட்டமாக இரண்டாயிரம் ஊசிக்கு மேல் நிற்கும். எல்லா ஊசியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அதில் ஒரே ஒரு ஊசி தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாலும் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். அந்த ரோல் முழுக்கக் கழிவு. விரல் நுனியால் தடவியே அந்த ஊசியைக் கண்டுபிடிப்பவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். இரண்டாயிரத்தில் ஒன்று கோணினாலே எனக்குப் பொறுக்காது. இங்கே சரிபாதி கோணிக்கொண்டு நிற்கிறது.

கடைக்காரன் ஸ்டாக்கில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக் கோத்து, பாவம் விவசாயி என்று என் மாமனார் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து, இரண்டு செயினையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரெண்டுலயும் அப்படியேதான இருக்குது. ரெண்டையுமா தப்பாக் கோத்திருப்பான்?"

ஒரே கடையில் வாங்கினால் ஒரே தப்புதான் இருக்கும் என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீடு பட்டறையாக இருந்தது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் ரிவெட் அடித்து இணைத்தது. ரிவெட் தலையை அரத்தால் தேய்த்து எடுத்து, ஆணியை வைத்துத் தட்டி, ஒவ்வொரு பல்லாகக் கழற்றினேன். கழற்றியதைப் பிரித்துப் போட இட்லித் தட்டைவிடத் தோதான சாமான் உலகத்தில் இல்லை. ஒரு தட்டில் இடது பல், ஒரு தட்டில் வலது பல், இன்னொன்றில் பக்கப் பட்டி. பல்லுக்கெல்லாம் அரம் போட்டுவிட்டு, கடையில் புது ரிவெட் ஒரு டப்பா வாங்கிவந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கோத்தேன். இரண்டு செயினிலும் இருந்த இடது பல்லெல்லாம் சேர்ந்து ஒரு செயின். வலது பல்லெல்லாம் சேர்ந்து இன்னொரு செயின். அடையாளத்துக்கு இடதில் சிவப்பு நூலும் வலதில் பச்சை நூலும் கட்டினேன். கையில் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். லைன் வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இட்லித் தட்டைக் கழுவித் தருவீங்களா, இல்ல நாங்க இனிமேலுக்கு இரும்புச் சத்தாவே சாப்பட்டுக்கறதுங்களா?"

நிச்சயத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் மடத்துக்குளம் போய் இறங்கினோம். இறங்கிய ஒரு மணி நேரத்தில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம்தான், ஆனால் இட்டேரி வளைவில் நின்ற பெரிய வாகை மரம் வேரோடு சாய்ந்து தடத்தின் குறுக்கே படுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாலும் சேராத பருமன். மாமியார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வருகிற வழியில் மரம் விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. சாந்தாமணி ஜன்னல் பக்கம் நின்று மரம் விழுந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

சங்கடத்தோடு கூடவே, உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு ஓரத்தில் பட்டாசும் வெடித்தது. என் செயின்கள் மஞ்சப்பையில் தயாராக இருக்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்கு வழி சுத்தம், கனகராஜ் வேனை விட்டு இறங்கும்போது 'எங்க மூத்த மாப்பிள்ளைதானுங்க வழி உண்டாக்கினது' என்று பேச்சு நடக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அன்றைக்கே திண்டாட்டம் தொடங்கியிருக்க வேண்டியது. மெஷினில் சிவப்பு நூல் செயினை நான் மாட்டும்போது மாமனாரும் ஆறுச்சாமியும் பக்கத்தில் நின்றார்கள். ஆறுச்சாமி தோப்பு வேலை பார்ப்பவர், அந்த மெஷினை வழக்கமாக ஓட்டுகிறவரும் அவர்தான். அவர் குனிந்து செயினைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பல்லு…" என்று ஆரம்பித்தார்.

மாமனார் லேசாகச் செருமினார். "ஆறுச்சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"பொழுதோடவே காட்டியாச்சுங்க."

"இன்னொருக்கா காட்டு."

ஆறுச்சாமி போய்விட்டார். மாமனார் டார்ச் லைட்டை அடித்துச் செயினை ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு, "நல்லா பளபளன்னு இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். ஒரு மனிதர் வாய்விட்டுப் புகழ்ந்தது எனக்கு அன்றைக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் மரத்தடியில் இருந்தேன். பட்டு வேட்டி, புதுச் சட்டை, தோளில் துண்டு. (மாத்துத் துணி கட்டீட்டுப் போங்கன்னு ஈஸ்வரி சொன்னா. வேன் வந்து நிக்கும்போது அழுக்கு லுங்கியோட நிக்கறதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்?) முதலில் சின்னக் கிளைகளை அரிவாளால் கழித்தோம். ஆறுச்சாமி ஏழரை மணிவரை கூட இருந்தார். பிறகு மாமனார் அவரை மெயின் ரோட்டுக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எட்டு மணிக்கு மெஷினை ஸ்டார்ட் செய்து அடிமரத்தில் வைத்தேன்.

முதல் நான்கு விரற்கடை வெண்ணெயாக இறங்கியது. அதற்கப்புறம் மெஷின் இடது பக்கமாகப் போக ஆரம்பித்தது. நான் நேராகத்தான் நிற்கிறேன், நேராகத்தான் அழுத்துகிறேன். அது மட்டும் இடது பக்கம் தெரிந்தவர் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிக்கொண்டே போகிறது. வலது பக்கம் இழுத்துப் பிடித்தேன். புகை வந்தது. கால் பங்கு மரம் போவதற்குள் பலகை சிக்கி மெஷின் நின்றுவிட்டது. ஆட்டி, அசைத்து, சாமி பெயரெல்லாம் சொல்லி வெளியே இழுத்தேன். ஒரு அடி தள்ளி இன்னொரு வெட்டு போட்டேன். அதுவும் இடது பக்கமே வளைந்தது. மரத்தில்தான் முறுக்கு இருக்கிறது என்று தீர்மானித்து, பச்சை நூல் செயினை எடுத்து மாட்டினேன். மூன்றாவது வெட்டு வலது பக்கம் வளைந்தது. இந்தத் தடவை பாதி மரம் போய்ச் சிக்கியது. எத்தனை இழுத்தும் வரவில்லை.

மணி ஒன்பதே முக்கால். மூன்று இடத்தில் அறுத்திருந்தேன், ஒன்றுகூட மறுபக்கம் போய்ச் சேரவில்லை. பட்டு வேட்டி முழுக்க மரத்தூளும் ஆயிலும். மெயின் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன், வேன் வரவில்லை. வந்தால் எங்கே நிற்பது? நடக்கச் சொன்னால் வயசானவர்கள் இந்தச் சேற்றில் எப்படி நடப்பார்கள்? மரத்தைப் பார்த்துவிட்டு சகுனம் சரியில்லை என்று வண்டியைத் திருப்பிவிட்டால்? முந்தின நாள் ஜன்னலில் நின்ற சாந்தாமணியின் முகம் வந்து வந்து போனது. அது வரைக்கும் என் பெருமைக்காக அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நிஜமாகவே பயந்துபோய் இழுத்தேன்.

அப்போது ஆறுச்சாமி வீட்டுப் பக்கமிருந்து ஓடி வந்தார். உங்களை வரச் சொன்னாங்க என்றார். வழி விட்டுவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன், மெஷின் அலறியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பேச இதுதான் நேரமா, போங்க ஆறுச்சாமி என்று விரட்டினேன். மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவருக்குப் பழக்கமில்லை. தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

மூன்றாவதாக வேறு ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, மீசை, கையில் காப்பி டம்ளர். வீட்டுப் பக்கமிருந்து வந்ததால் மாமியார் வழி உறவு என்று எடுத்துக்கொண்டேன்.

"மாட்டிக்கிச்சுங்களா?" என்றார்.

மரத்தில் ஈரம் என்றேன். அவர் டம்ளரை அடிமரத்தின் மேல் வைத்துவிட்டு, என் மூன்று வெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கீழே கிடந்த சிவப்பு நூல் செயினை எடுத்து விரல்களுக்கிடையில் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

"எல்லாப் பல்லும் ஒரே பக்கமா இருக்குதுங்களே. நீங்களே கோத்ததுங்களா?"

ஆறுச்சாமிக்கும் ஈஸ்வரிக்கும் புரியாத என் கலையைப் புரிந்துகொள்ள ஒருவர் வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த அவசரத்திலும் மெஷினை விட்டுவிட்டு விளக்க ஆரம்பித்தேன். கடைக்காரன் ஏமாற்றியது, ஊசி ஒன்று கோணினால் துணியில் கோடு விழுவது, நான்கு ஞாயிற்றுக்கிழமை, இட்லித் தட்டு எல்லாம் சொன்னேன். அவர் நடுநடுவே "அப்படீங்களா" என்றார். நானும் விடவில்லை. இன்றைக்கு வருகிற புது மாப்பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். சாயப்பட்டறைக்காரர், சொந்தத் தொழில், கையில் அழுக்குப் படாத ஆள், இந்த மாதிரி மெஷின் வேலையெல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றேன். உங்களிடம் செயின் இருந்தால் கொடுங்கள், இதே மாதிரி கோத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் செயினைப் பத்திரமாக மரத்தின் மேல் வைத்தார்.

"ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க" என்றார்.

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, கடப்பாரையை அடிமரத்துக்கு அடியில் கொடுத்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, அமுக்கினார். வெட்டு வாய் திறந்தது. ஒரு கையால் மெஷினை உருவி எடுத்துக் கீழே வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"வாங்க போலாமுங்க. பத்தரைக்குள்ள உப்புச்சக்கரை மாத்தோணுமாமா. நீங்க பக்கத்துல இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்னு மாமா சொல்லீட்டாருங்க."

இன்னும் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லையே என்றேன்.

"நாங்க வந்து அரை மணி நேரம் ஆச்சுங்களே. அக்கட்டால பக்கத்துத் தோப்பு வேலியைப் பிரிச்சு வழி உட்டிருந்தாங்க, ஆறுச்சாமி ரோட்டுல நின்னு கை காட்டினாரு, அதுல வந்தோம்." டம்ளரை எடுத்துக்கொண்டார். "நாந்தானுங்க கனகராஜ். வேன் டிரைவர் வரலை, அதனால நானே ஓட்டீட்டு வந்துட்டேன்."

அந்த நிமிடத்தில் அந்த வாகை மரம் என் மேல் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. நடக்கும்போது அவராகவே பேச்சுக் கொடுத்தார். அவர் தொழில் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு போடுவதாம். டிப்போவில் இதே மாதிரி நான்கு மெஷின் ஓடுகிறதாம். தினமும் காலையில் செயினுக்கு அரம் போடுவது அவர்தானாம். நான் ஓட ஆரம்பித்தேன். நேரமாகிவிட்டது என்பதற்காக ஓடியதாக அவர் நினைத்திருக்கலாம்.

பந்தல் வாசலில் மாமனார் நின்றார். எனக்காக ஒரு நிச்சயதார்த்தமே காத்துக்கொண்டிருக்கிறது, நல்ல நேரத்தில் மிச்சம் பன்னிரண்டு நிமிடம். அந்த மனிதர் என் தலையிலிருந்த மரத்தூளைப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, காப்பி குடிச்சீங்களா?" என்றார்.

பத்து இருபத்தாறுக்கு உப்பும் சர்க்கரையும் கை மாறியது. ஆயில் கறை வேட்டியோடு மாமனார் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது நானும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தனை நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. வேட்டி கட்டிக்கொண்டு அந்த மெஷினை இரண்டு மணி நேரம் ஓட்டியும் கையும் காலும் விரல் கணக்குக் குறையாமல் இருந்தது வேறு. நான் தட்டிய ரிவெட் ஒன்று விட்டுப்போய் செயின் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சாந்தாமணி என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தாலும் நியாயம்தான்.

"மாமா, அந்த மெஷின் சத்தம் கேக்கறவரைக்கும் நீங்க வரமாட்டீங்கன்னு தெரியுமுங்க. அது நின்னு போகோணும், நின்னு போகோணும்னு மாரியாத்தாளை வேண்டீட்டே உக்காந்திருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், உடனே அழுதாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள் என்று ஈஸ்வரி சொன்னாள். ஆக, மரத்தில் மெஷின் சிக்கியதும் மாரியாத்தா வேலைதான். என் செயினுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் அடக்கமாக நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் கனகராஜின் ஆட்கள் மெஷினோடு வந்து அரை மணி நேரத்தில் மரத்தைத் துண்டு போட்டுவிட்டார்கள். எல்லாம் நேர் வெட்டு. அவர்கள் செயினில் ஒரு பல் இடம், ஒரு பல் வலம். இடது பல் இடது பக்கச் சுவரைச் சீவுகிறது, வலது பல் வலது பக்கத்தைச் சீவுகிறது, இரண்டும் இருந்தால்தான் மெஷின் நேராகப் போகும். உலகம் முழுக்க அப்படித்தானாம். என்னைத் தவிர.

கல்யாணம் முடிந்த பிறகு கனகராஜ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கோத்ததையெல்லாம் இருவருமாக உட்கார்ந்து பிரித்து, இடம், வலம், இடம், வலம் என்று மறுபடி கோத்தோம். ஈஸ்வரி பழைய இட்லித் தட்டுகளை எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டாள். எங்களைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, எங்கப்பாவுக்கு ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே பக்கமா அமையலை" என்றாள். நல்ல மனிதர் அந்தக் கனகராஜ். அன்று மரத்தடியில் நான் அவரைப் பற்றிச் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதை வெளியே சொன்னது நான்தான். 'ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க' மட்டும் எப்படியோ குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வீட்டில் யார் பால் காய்ச்சிப் பொங்கவிட்டாலும், யார் பரீட்சையில் கோட்டை விட்டாலும் இந்த வசனம்தான்.

என் அரைகுறை வளைவு வெட்டோடு கிடைத்த ஒரு துண்டை மாமனார் விறகுக்குக் கொடுக்காமல் வாசலில் போட்டு வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் சாய்வான ஆசனம், உட்கார்ந்தால் மெல்ல இடது பக்கம் சறுக்கும். அவர் அதில்தான் உட்காருவார். வருகிறவர்களிடம் பெரிய மாப்பிள்ளை அறுத்தது என்பார். சில வருடம் கழித்து ஒருநாள் அவர் அதில் உட்கார்ந்திருந்தபோது துணிந்து கேட்டேன், பல் தப்பாக இருப்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரியாதா என்று.

"டார்ச் அடிச்சப்பவே தெரியுமுங்க. அதனாலதான் வெள்ளெனவே எந்திரிச்சுப் போயி, பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டு வேலியைப் பிரிச்சு உட்டேன்."

அப்புறம் ஏன் என்னை அறுக்க விட்டீர்கள் என்றேன். அவர் சறுக்கிய இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க ஊட்டுல இருந்திருந்தா, மைக் செட்டு கரகரங்குதுன்னு கழட்டியிருப்பீங்க."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தல்காரருக்குச் சொல்வதற்கு முன்னால், 'பெரிய மாப்பிள்ளைக்கு மரம் சொல்லியாச்சா?' என்று ஒருவர் கேட்பார். போன மாதம் சாந்தாமணி மகள் வயசுக்கு வந்ததற்குச் சீர் செய்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் நிழலில் ஒரு வேப்பங்கட்டை, அதற்குச் சந்தனம் குங்குமம், பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் காப்பி. எல்லாம் கனகராஜ் ஏற்பாடு. நான் கட்டையில் உட்கார்ந்து காப்பியை ஊற்றிக்கொண்டேன். உள்ளே மைக் செட் கரகரத்தது. ஜன்னல் வழியாக மொத்தக் குடும்பமும் என்னை எட்டிப் பார்த்தது. கை அரித்தது உண்மைதான். இன்னொரு டம்ளர் காப்பியை ஊற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.